கட்டுப்படியாகும் வீடு

உலக நாடுகள் நகரங்களைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் 'அஃபோர்டபிள் ஹவுசிங்' என்ற தொடர் தவறாமல் வரும். 2030-க்குள் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 11-வது வளர்ச்சி இலக்கு சொல்வதும் இதைத்தான். தமிழில் இதைப் பெரும்பாலும் 'மலிவு விலை வீடு' என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் பொருள் நழுவுகிறது.

'அஃபோர்ட்' பழைய ஆங்கிலத்தில் முன்னெடுத்துச் செல்லுதல், செய்து முடித்தல் என்ற பொருளில் இருந்த சொல். பிறகு 'செய்ய இயலுதல்' என்றாகி, கடைசியில் கைப்பணத்தின் இயலுமையைக் குறிக்க வந்தது. ஆக, அது வாங்குகிறவரைப் பற்றிய சொல். 'மலிவு' பண்டத்தைப் பற்றியது. மலிதல் என்றால் நிறைதல், பெருகுதல். சரக்கு பெருகினால் விலை இறங்கும், அவ்வளவுதான். வாங்குகிறவரின் வருமானம் அதற்குள் இல்லை.

இந்த வேறுபாடு சட்டத்திலேயே தெரிகிறது. அமெரிக்காவில் செனட்டர் புரூக் பெயரால் வழங்கும் 1969-ஆம் ஆண்டுத் திருத்தம், அரசுக் குடியிருப்பு வாடகை குடும்ப வருமானத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 1981-இல் அது 30 ஆனது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி கணக்கில் 45 லட்சம் ரூபாய் வரையுள்ள வீடு, பரப்பளவும் வரம்புக்குள் இருந்தால், 'அஃபோர்டபிள்' வீட்டு வகையில் சேரும். சரி, அதில் 36 லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 32,000 ரூபாயைத் தாண்டும். மாதம் 20,000 சம்பாதிக்கும் வீட்டில் 30 சதவீதம் என்பது 6,000 ரூபாய். யாருக்கு மலிவு இது?

வியன்னா நகராட்சி வேறு வழியில் போனது. பெரிய வீடுகளுக்குக் கூடுதலாக விழும்படி 1923-இல் ஒரு வீட்டுவரி போட்டு, அந்தப் பணத்தில் அடுக்ககங்கள் கட்டியது. கட்டிய செலவை வாடகையில் திருப்பி எடுக்க நினைக்கவில்லை. பராமரிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்கியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற அடுக்ககம் அப்படி எழுந்ததுதான்.

தமிழில் இதற்குப் பொருத்தமான சொல்லைத் தேடி அலைய வேண்டாம். 'இந்த வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது' என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோமே, அதுவேதான். வருமானம், விலை, மற்றச் செலவுகள் எல்லாம் அந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும். ஊருக்கு வெளியே வீடு கொடுத்து, வேலைக்குப் போய்வரும் பஸ் செலவு ஏறிவிட்டால் அந்த வீடும் கட்டுப்படியாகாது. 'வாங்கத்தக்க வீடு' என்றும் சிலர் எழுதலாம். ஆனால் வாடகைக்கு இருப்பவரை அது விட்டுவிடும். பொதுவாகக் குறிக்க 'கட்டுப்படியாகும் வீட்டுவசதி' என்றும், தனி வீட்டைச் சொல்ல 'கட்டுப்படியாகும் வீடு' என்றும் எழுதலாம். 'மலிவு விலை' என்பதை, உண்மையிலேயே விலை குறைந்த இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.