ஒரே வீடு, ரெண்டு உலை: சென்சஸ்ல யாரை எண்ணுவாங்க?

சென்சஸ்னா வீடு வீடா வந்து தலைய எண்ணிட்டுப் போறதுன்னு நெனச்சிட்டிருக்கோம், ஆனா யாரைச் சேக்கணும் யாரை விடணும்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. கும்பகோணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடுன்னு வச்சுக்குங்க. முன்கட்டுல அண்ணன், பின்கட்டுல தம்பி, வாசல் ஒண்ணு, வீட்டு வரி ரசீதும் ஒண்ணு. தம்பி வீட்டுல தனியா உலை வச்சா அது ரெண்டு குடும்பம், அவ்ளோதான். அம்மா யாரு கணக்கு? எங்க சாப்புடுறாங்களோ அங்க. பாகம் பிரிச்சாச்சா, ரேஷன் கார்டு தனியாங்கறதெல்லாம் இதுல வராது.

அடுத்து ஆளு ஊர்ல இருக்காரா. 2011ல பிப்ரவரி 9லேர்ந்து 28 வரைக்கும் எண்ணுனாங்க, வீடில்லாதவங்களை 28ந்தேதி ராத்திரி. மார்ச் 1 பொறக்குற நள்ளிரவுதான் கணக்கு நேரம், அதனால மார்ச் 5 வரைக்கும் மறுபடி ஒரு ரவுண்டு வந்து நடுவுல பொறந்த குழந்தையைச் சேத்து, இறந்தவங்க பேரை எடுத்தாங்க. அந்த வீட்டு ஆளு இடையில ஒரு நாள் இருந்தாலும் பேரு வரும், மொத்த நாளும் இல்லன்னா வராது. திருப்பூர்லயே தங்கி வேலை பாக்குற பையன் திருப்பூர் கணக்கு, கூத்தாநல்லூர்லேர்ந்து துபாய் போய் அங்கயே இருக்கறவர் இங்க எந்தக் கணக்குலயும் இல்ல. "அவன் பேரையும் எழுதிக்குங்க டீச்சர், பொங்கலுக்கு வந்துட்டுத்தான போனான்"னு அம்மா சொல்லும், டீச்சர் எழுதக்கூடாது.

இதோட தடம் நம்பர்லயே தெரியும். 2011ல தமிழ்நாட்டுல 1000 ஆணுக்கு 996 பெண், ஆனா தஞ்சாவூர்ல 1035, நாகப்பட்டினத்துல 1025, திருவாரூர்ல 1017. ஆம்பளைங்க பொழப்புக்கு வெளிய போனதும் இதுக்கு ஒரு காரணம்.

வேலை பத்தின கேள்வி இன்னும் சிக்கல். வருஷத்துல ஆறு மாசத்துக்குக் கொறைஞ்சு வேலை பாத்தா தனி வகையில போட்டுடுவாங்க, நடவு களையெடுப்புன்னு போற அக்காங்க நிறைய பேரு அதுலதான் விழுவாங்க, அறுப்பையும் மெஷின் எடுத்துக்கிச்சே. மாடு கன்னு, வயல்னு நாள் பூரா ஓடுறவங்களே "சும்மாத்தான் இருக்கேன்"னுதான் சொல்லுவாங்க, எண்ண வந்தவர் தோண்டிக் கேக்கலன்னா போச்சு.

விடுபடுறதும் உண்டு. 2011ல எண்ணி முடிச்சப்புறம் சாம்பிள் எடுத்து சரிபாத்தப்ப, நாடு முழுக்க 1000 பேருக்கு 23 பேரு விட்டுப்போனது தெரிஞ்சுது. 2021ல வரவேண்டியது கொரோனாவால நின்னு இப்ப 2027க்கு வந்து நிக்குது, 1931க்கு அப்புறம் முதல் தடவையா எல்லா சாதியும் எண்ணப் போறாங்க. நம்ம ஊர்ல பெரிய சண்டை தொகுதி பத்திதான்: மாநிலத்துக்கு எத்தனை எம்.பி.ங்கறது 1971 கணக்குலயே நிக்குது, புதுக் கணக்குக்கு மாத்துனா புள்ள கம்மியா பெத்த மாநிலத்துக்கு அடிங்கறது இங்க பல பேரு வாதம். எனக்கும் அது நியாயமாத்தான் படுது.

இதுக்கு நடுவுல 2020ல பொறந்த மயிலாடுதுறை மாவட்டம் பாவம். 2011 புக்குல அப்படி ஒரு மாவட்டமே கெடையாது, மக்கள்தொகை வேணும்னா நாகப்பட்டினம் டேபிளைப் பிரிச்சு சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடின்னு தாலுகா தாலுகாவா கூட்டிக்க வேண்டியதுதான்.