மூட்டு வலிக்கு ஊசி குத்திக்கொள்ளும் முன்

“மாத்திரை போட்டுப் போட்டு வயிறே புண்ணாகிவிட்டது டாக்டர், அக்குபஞ்சர் ஊசியிலேயே சரிசெய்துவிட முடியுமா?” என்று கேட்டு வருபவர்களிடம், ஊசியைக் கையில் எடுக்கும் முன் நான் ஒன்றைக் கேட்பதுண்டு: காலையில் எழுந்தபின் மூட்டு எவ்வளவு நேரம் இறுகிக் கிடக்கிறது? அரை மணி நேரத்துக்குள் தளர்ந்து, படியிறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் வலித்தால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். இரு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரம் கடந்தும் மடங்க மறுத்தால் அது முடக்குவாதமாக இருக்கக்கூடும். கிராமங்களில் சரவாங்கி என்பார்கள்.

முடக்குவாதத்தில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அந்த அழற்சியை அடக்காவிட்டால், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே எலும்பு அரிபடத் தொடங்கிவிடலாம். ஊசி வலியைச் சற்றுத் தணிக்கலாம். அந்த அரிப்பை நிறுத்தாது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு தையல் தொழிலாளி, இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் ஊசி வேலை செய்யும் என்று வேறோரிடத்தில் சொன்னதை நம்பி, அழற்சியை அடக்க வாரம் ஒருமுறை எடுத்துவந்த மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை எட்டு மாதங்கள் விட்டிருந்தார். மருந்தை மீண்டும் தொடங்கியதும் வீக்கம் வடிந்தது; ஆனால் அதற்குள் கோணிப்போன விரல்கள் நிமிரவில்லை, கத்தரிக்கோலைப் பிடிக்க இன்றும் சிரமப்படுகிறார். அக்குபஞ்சரைப் பயின்று செய்துவருபவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: மருந்தை நிறுத்தச் சொல்பவரிடம் ஊசி குத்திக்கொள்ளாதீர்கள்.

முழங்கால் தேய்மானத்தில் நிலைமை வேறு. முழங்கால் சில்லுக்குக் கீழே இருபுறமும் உள்ள பள்ளங்களிலும், அங்கிருந்து நான்கு விரல் அளவு கீழே காலின் வெளிப்புறத்திலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, இருபது முப்பது நிமிடங்கள் விட்டுவைக்கிறோம். சில அமர்வுகளுக்குப் பின் நடை இலகுவாகிவிட்டதாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் 2006-இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு வெளியான ஆய்வில், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினரும், அக்குபஞ்சர் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரும் நலம் கண்டனர். குத்தும் இடத்தைவிடக் கவனிப்பும் நம்பிக்கையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றே நான் இதைப் படிக்கிறேன். அமெரிக்க மூட்டுநோய் வல்லுநர்களின் 2019 வழிகாட்டுதல் அக்குபஞ்சரை நிபந்தனையோடு ஏற்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு ஊசியால் வளரும் என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இயற்கை முறைகளில் எனக்கு முழு நம்பிக்கை உள்ளது தொடைத் தசைப் பயிற்சியில்தான். நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவதை, காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும் செய்தால் முழங்காலைத் தாங்கும் தசை வலுப்பெறும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. முடக்கத்தான் கீரைத் தோசையையும் மஞ்சளையும் உணவாகத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்துக்கு மாற்றாக அல்ல.

பெயரோ உட்பொருளோ அச்சிடாத பொட்டலத்தில் வரும் ‘மூட்டு வலிச் சூரணம்’ இரண்டே நாளில் வலியை முற்றிலும் போக்கினால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. முகம் உப்பிச் சர்க்கரை ஏறியபின் வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பல வாரங்கள் சாப்பிட்டுவிட்டவர்கள் பயத்தில் தாங்களாகவே திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும் என்பதால், மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு அன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.