தங்க ரேக்குக்கு அடியில் இருக்கும் சிவப்பு

திருவிழாவுக்கு முந்தின நாள், சென்னையின் பழைய ஆலயம் ஒன்றில், பீடத்தருகே இருந்த, தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தாள்) ஒட்டிய மர மெழுகுவர்த்தித் தாங்கியை ஓர் அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணியெல்லாம் சிவப்பு. "துரு போல இருக்கு தம்பி, போகவே மாட்டேங்குது" என்றார். மரத்தில் ஏது துரு? பதறிப்போய் நிறுத்தச் சொன்னேன்.

அது செம்மண். வெறும் மரத்தில் தங்க ரேக்கை ஒட்டினால் மரத்தின் ஒவ்வொரு வரியும் மேலே தெரியும். அதனால் முதலில் சுண்ணப்பொடியை விலங்குத்தோல் பசையில் குழைத்துப் பல பூச்சுகள் பூசி, வழவழப்பாகத் தேய்ப்பார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு கட்டுவதும் ஏறக்குறைய இதே வழிதான். அதன்மேல் இரும்பு ஆக்சைடு கலந்த மெல்லிய களிமண். இதற்குப் பழைய பெயரே அர்மீனியக் களிமண். பாரிமுனையில் அர்மீனியன் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ரேக்கின் கனம் சுமார் 0.1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் தங்கம் அரை சதுர மீட்டரை மூடிவிடும். விரல் பட்டாலே கிழியும் என்பதால் பிரஷ்ஷில்தான் எடுப்பார்கள். களிமண்ணை நனைத்ததும் அதிலுள்ள பசை இளகி ரேக்கைப் பிடித்துக்கொள்ளும். ஓரளவு காய்ந்ததும் அகேட் என்னும் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். அடியில் களிமண் அமுங்கிச் சமமாக, தங்கம் கண்ணாடி போல மின்னும்.

தண்ணீரால் ஒட்டியது தண்ணீராலேயே கழன்றும் வரும். அந்தத் துணியில் வந்த சிவப்பு அதுதான்.

தங்கம் ஆக்சிஜனோடு சேராது, கறுக்காது. முதுமை வருவதெல்லாம் அதன் அடியில் இருப்பவற்றுக்குத்தான். சென்னையின் ஈரக்காற்றில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுண்ணப்பூச்சு அதோடு சேர்ந்து நீளாது, வெடிக்கும். அப்புறம் கரையான் வேறு. உரிந்த இடத்தில் கோல்டு பெயிண்ட் அடித்துவிடுவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அந்த பெயிண்டில் பெரும்பாலும் இருப்பது பித்தளைத் தூள். கொஞ்ச காலத்தில் பழுப்பேறிவிடும்.

மரத்துக்கு இத்தனை பாடுபட்டுத் தங்கம் போர்த்தியது ஆடம்பரத்துக்கு மட்டும் அல்ல. தங்கம் நீல ஒளியை உறிஞ்சி மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் அந்த நிறங்களே அதிகம். மின்விளக்கு இல்லாத காலத்தில், சுடர் அசையும்போது செதுக்கலின் மேடுபள்ளமெல்லாம் உயிரோடு எரிவதுபோல் தெரிந்திருக்கும். இறைவனின் ஒளி என்று மறையுரையில் கேட்டதை மக்கள் அங்கே கண்ணால் பார்த்தார்கள். செதுக்கிய உருவங்களுக்கும் பொருள் உண்டு. கோதுமைக் கதிர் என்றால் நற்கருணை அப்பம், திராட்சைக் கொத்து என்றால் நற்கருணையின் திராட்சை இரசம். தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா, சிலுவையில் உயிர் கொடுத்த கிறிஸ்து.

உலர்ந்த, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினாலே போதும், உரிகிற இடத்தைத் தொடவே வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். "இத்தனை வருஷமா தண்ணி போட்டுத்தானே தம்பி தொடச்சோம்" என்றபடி தாங்கியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத் திராட்சைக் கொத்து முழுக்கச் சிவப்பாக இருந்தது.