பனையில் முளைத்த ஆலும் விறாந்தையில் வைத்த இறப்பர்ச் செடியும்

வன்னியின் பழைய பனைகளைக் கவனித்தவர்கள், மட்டை இடுக்கில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, காலப்போக்கில் பனையையே கட்டிப்பிடித்து நிற்கும் ஆலமரத்தைக் கண்டிருப்பார்கள். பறவையின் எச்சத்தில் விழுந்த விதை, ஒரு பிடி மண்கூட இல்லாத அந்த இடுக்கில், மழை வந்தால் நனைந்தும் வெயில் வந்தால் காய்ந்தும் பிழைத்துக்கொள்கிறது. நாம் விறாந்தையில் பூச்சாடியில் வைத்து வளர்க்கும் இறப்பர்ச் செடி இந்த ஆலுக்கும் அரசுக்கும் அத்திக்கும் நெருங்கிய உறவு. களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் பால் வெட்டும் மரம் வேறு. பிரேசிலில் சேகரித்த விதைகளிலிருந்து வளர்த்த அதன் கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடவில் நடப்பட்டன. அது ஆமணக்கின் குடும்பம்.

வீட்டுச் செடியின் சொந்த இடம் அசாம், மேகாலயா, மியன்மார் தொடங்கி மலாயா, சாவகம் வரையான ஈரக்காடுகள். அங்கும் அது பெரும்பாலும் வேறொரு மரத்தின் மேல் முளைத்து, விழுதுகளைக் காற்றில் தொங்கவிட்டு வளர்கிறது. மேகாலயாவின் காசி மக்கள் அந்த விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே இழுத்துப் பின்னி உயிருள்ள பாலங்களாக வளர்த்தெடுக்கிறார்கள். இப்படிக் காற்றோடு பழகிய வேரைத்தான் நாம் சாடிக்குள் அடைக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கே இறப்பர்ச் செடிகள் பட்டுப்போவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, தண்ணீரால்தான். வேரும் மூச்சுவிடுகிறது, அதற்கு வேண்டிய ஒட்சிசன் மண்துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகள் வழியாக வந்து சேர்கிறது. அந்த வெளிகளை நீர் நிரப்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே ஒட்சிசன் நீரினூடே பரவுவதால், வேர் மூச்சுமுட்டி அழுகத் தொடங்குகிறது. நெல் தண்ணீருக்குள் நிற்கிறதே என்று கேட்கலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் மேலிருந்து காற்றை இறக்கும் வெளிகள் உண்டு. இறப்பர்ச் செடிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வயல் களியைச் சாடியில் நிரப்பாமல், செம்மண்ணோடு மணலும் மக்கிய மாட்டெருவும் தும்புத்தூளும் கலந்து, அடித்துளை அடையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை வாடும். வாட்டத்தைக் கண்டவர் இன்னும் ஒரு செம்பு ஊற்றுவார். நானும் ஒரு செடியை அப்படித்தான் இழந்தேன். பின்புதான், சுட்டுவிரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும் ஊற்றப் பழகினேன்.

இந்தச் செடியால் காத்திருக்க முடிவதற்கு அதன் இலையே காரணம். தடித்த மெழுகுப் படலத்தின் கீழே, சாதாரண இலைகளில் ஒரே அடுக்காக இருக்கும் மேற்றோல் இதில் பல அடுக்குகளாக அமைந்து நீரைச் சேமிக்கிறது. மெல்லிய குறுக்குவெட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால், அந்த அடுக்கிலுள்ள பெரிய கலங்களுக்குள் கல்சியம் காபனேற்றுக் கட்டிகள் திராட்சைக் குலைபோல் ஒரு காம்பில் தொங்குவதைக் காணலாம். பார்த்தவர் மறக்க மாட்டார்.

இலைவாய்கள் இலையின் அடிப்பக்கத்தில்தான் உள்ளன. எனவே எங்கள் ஒழுங்கைகளின் செம்புழுதி மேற்பக்கத்தில் படியும்போது செடியின் மூச்சு அடைபடுவதில்லை, ஒளிதான் மறிக்கப்படுகிறது. வீட்டுக்குள் ஏற்கனவே குறைந்த ஒளியில் இது பெரிய இழப்பு. ஈரத்துணியால் இலையை அடியில் உள்ளங்கை கொடுத்துத் துடைத்தால் போதும். தேங்காயெண்ணெய் பூசிப் பளபளப்பாக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது அடுத்த புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சோளகம் வீசும் மாதங்களில் சாடி விரைவாகக் காயும். காற்று நேரே அடிக்காத, காலை வெயில் மட்டும் படும் மூலை நல்லது. மாரியில் காற்றே ஈரமாயிருப்பதால் இலை இழக்கும் நீரும் குறைந்துவிடும். அப்போது பத்து நாள் ஊற்றாமல் விட்டாலும் செடிக்கு ஒன்றும் ஆகாது. கிளையை வெட்டினால் வடியும் பால் தோலை அரிக்கும் என்பதால் கையைக் கழுவிவிட வேண்டும். செடி நலமாயிருப்பதை நுனியே காட்டும்: சிவந்த கூரான உறை நீண்டு, ஒருநாள் பக்கவாட்டில் பிளந்து, உள்ளே சுருண்டிருந்த இலையை விட்டுவிட்டுக் கழன்று சாடியில் விழும்.