கைநாட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து

கொழுந்து பறிக்கிற கையில் ரேகை சரியாக விழாது. இருபது முப்பது வருடம் தேயிலைக் கறை ஏறி, குளிரில் வெடித்து, பெருவிரல் நுனி தேய்ந்து போயிருக்கும். சத்திரசிகிச்சைக்கு முன்னால் சம்மதப் படிவத்தில் கைநாட்டு வாங்கும்போது இரண்டு மூன்று தடவை மை தொட்டு வைக்கச் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களும் சலிக்காமல் வைப்பார்கள். "எங்க வைக்கணும் மிஸ்ஸி?" என்று மட்டும் கேட்பார்கள். எதுக்கு வைக்கணும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரிகளில் பத்தொன்பது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். முதல் ஆறேழு வருடம், இடத்தைக் காட்டியதோடு என் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சியாக நான் போடுகிற கையெழுத்தைப் பற்றி யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தவன் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். அவனுடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. டொக்டர் நல்லவர், பொறுமையாக விளக்குபவர், ஆனால் தமிழ் தெரியாது. நான் வேறொரு நோயாளியுடன் இருந்தேன். பையன் பாடசாலையில் சிங்களம் படித்தவன் என்பதால் அவனையே மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார்கள். டொக்டர் ஐந்து நிமிடம் பேசினார். பையன் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வரியில் முடித்தான்: "வயித்துல கட்டியாம்மா, எடுக்கணுமாம்." அவனைக் குறை சொல்ல முடியுமா? அம்மாவிடம் கர்ப்பப்பை என்ற சொல்லை எந்தப் பையன் சொல்வான்? அம்மா கைநாட்டு வைத்தார். நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்கு வந்தவர், "இன்னும் தலைக்குக் குளிக்கலியே மிஸ்ஸி" என்று மாதவிடாய் வராததைப் பற்றிக் கேட்டபோதுதான் அவருக்கு எதுவுமே தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் படிவத்தில் மூன்று பேருடைய அடையாளம் இருந்தது: டொக்டருடையது, அம்மாவுடையது, என்னுடையது. அது நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், "இவருக்கு விளங்கியது என்று நீங்கள் கண்டீர்களா?" என்று என்னைத்தான் கேட்டிருப்பார்கள். நான் கண்டது மை பட்ட விரலை மட்டும்தான்.

சத்திரசிகிச்சையை விளக்கும் பொறுப்பு அதைச் செய்யும் வைத்தியருடையது. தாதி அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. தெரியாத அபாயங்களை யூகித்துச் சொல்லவும் கூடாது. ஆனால் நோயாளிக்கு விளங்கவில்லை என்று தெரிந்தால் கையெழுத்தை நிறுத்தி வைத்து, டொக்டரைத் திரும்பக் கூப்பிடுவது நம் கடமை. இப்போது நான் மொழிபெயர்க்கும்போது, கடைசியில் ஒன்று கேட்பேன்: "வீட்டுல தங்கச்சி கேட்டா, என்ன ஒப்பரேசன்னு சொல்லுவீங்க அம்மா?" அவர் தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பேனாவை எடுப்பேன். குழந்தைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடிப்பேன். மொழிபெயர்த்தது யார் என்பதையும் நோயாளியின் குறிப்பேடான டிக்கெட்டில் எழுதிவிடுவேன்.

இதைத் தாதியின் தயவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. அரச ஆஸ்பத்திரியில் தன் மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டிலிருந்து, வருகிற அம்மாவின் உரிமை. சம்மதத்திலும் அப்படித்தான். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் உடம்புக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம். கணவர் கையெழுத்துப் போட்டதால் மனைவி சம்மதித்ததாகாது. பெயர் தெரியாத ஒருவர் மயக்கத்தில் வந்து உயிர் போகிற நிலை என்றால் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அது வேறு. குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேசன் விஷயத்தில் எங்கள் பாட்டிமார் இன்னும் வாயைத் திறந்து பேச மாட்டார்கள். 1980களில் அந்த ஒப்பரேசனுக்கு அரசு பணம் கொடுத்த காலம் தோட்டத்தில் பலருக்கு நினைவிருக்கிறது. அந்த நினைவோடு வருகிறவரிடம் "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று சொல்லாதீர்கள்.

சட்டம் என்றதும் இளம் தாதியர் பயந்து போகிறார்கள். பயப்படுவதற்கு முன் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். நம்முடைய பதிவு 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தாதியர் பேரவைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அரச ஊழியர் என்பதால் தாபன விதிக்கோவையின்படி ஒழுக்காற்று நடவடிக்கை உண்டு. அலட்சியத்தால் உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு; ஐந்து வருடம் வரை சிறை. நட்டஈடு கேட்கும் வழக்கு என்றால் அது உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியில் நடக்கும். வைத்தியக் கவனக்குறைவு பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் 2001 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைச் சொல்வார்கள். மூளைக்கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் கவனக்குறைவு இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனால் குழந்தை இறந்தது அதனால்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டைத் தள்ளுபடி செய்தது. ஆக, தவறு நடந்ததா என்பது ஒரு கேள்வி, தீங்கு அதனால் வந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தேடும்போது எல்லோரும் புரட்டுவது அன்றன்று எழுதிய குறிப்புகளைத்தான். அவற்றில் பாதிக்கு மேல் நம் கையெழுத்து.

அதனால் இரவு 2.10க்கு டொக்டரைக் கூப்பிட்டால் 2.10 என்று எழுதுங்கள். அவர் வந்தது 2.40 என்றால் அதையும் எழுதுங்கள். போனில் மருந்து சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தி எழுதி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்குங்கள். பிழையாக எழுதிவிட்டால் ஒரு கோடு போதும். கீழே இருப்பது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், பக்கத்தில் பெயர், திகதி, நேரம். டிப்பெக்ஸ் போத்தலை வாட்டிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. வெள்ளை பூசிய இடம் நியாயமான காரணத்துக்காகப் பூசியதாக இருந்தாலும் பார்க்கிறவருக்குத் திருட்டாகத்தான் தெரியும். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி நான் என்ன சொல்ல? அதைச் செய்கிறவர்களுக்கும் தெரியும்.

பெயர் விஷயம் மலையகத்தில் தனிக் கதை. ஒரே நாளில் என் வாட்டில் மூன்று செல்லம்மா இருந்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கிளாக்கர் காதில் விழுந்தபடி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதிய பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, கிளினிக் கொப்பியில் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் வந்த இன்னொன்று. வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு "செல்லம்மா?" என்று கூப்பிட்டேன். ஓர் அம்மா "ஆமா மிஸ்ஸி" என்று கையை நீட்டினார். ஊசி தோலைத் தொடுவதற்கு முன் பக்கத்துக் கட்டிலிலிருந்து, "அவங்களுக்கு சீனி வருத்தம் இல்லையே" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரல் வராவிட்டால் நான் இன்று எங்கே இருப்பேன் என்று தெரியாது. காலை ஒப்படைப்பில் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சொன்னதால்தான் அந்த வாட்டில் கட்டில் இலக்கத்தோடு தகப்பன் பெயரும் தோட்டத்து டிவிசனும் கேட்கும் வழக்கம் வந்தது. இப்போது நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "உங்க பேர் என்னங்க அம்மா?" என்று அவரையே சொல்ல வைப்பேன்.

அடுத்தது இரகசியம். லயத்தில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். ஆஸ்பத்திரி ஒன்றுதான் கொஞ்சம் மறைவான இடம், அதுவும் நாம் வாயை மூடிக்கொண்டால். தோட்டத்து ஒபிஸிலிருந்து போன் வரும்: "இந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தம் மிஸ்ஸி, எத்தனை நாள் வேலைக்கு வராது?" கேட்கிறவர் தெரிந்தவராக, மரியாதையானவராகக்கூட இருப்பார். நான் சொல்லும் பதில், "சான்றிதழ்ல டொக்டர் எழுதுவார் ஐயா." ஹட்டன் பஸ்ஸில் இரண்டு தாதியர் வாட்டுக் கதை பேசிக்கொண்டு வருவதை நானே கேட்டிருக்கிறேன். முன் ஆசனத்தில் இருந்தது அந்த நோயாளியின் மச்சானாக இருந்தால்?

சில விஷயங்களில் இரகசியம் காக்க முடியாது. அதில் ஒன்று இது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளை கர்ப்பமாக வந்தால், பையனும் பிள்ளையும் விரும்பித்தான் என்று இரண்டு வீட்டாரும் சொன்னாலும் அது பொலிசுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் போக வேண்டிய விஷயம். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. யாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும், ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று வருகிறவர்களைத் திட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. "பொலிசுல பிடிச்சுக் குடுத்துடுவாங்க" என்று மிரட்டுவதை இன்றைக்கும் கேட்கிறேன். தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998 இலிருந்து குற்றமே இல்லை. சட்டம் விட்டுவிட்ட பிறகும் நாம் ஏன் தண்டிக்கிறோம்? வீட்டுக்குப் போகும்போது 1926 என்ற மனநல உதவி இலக்கத்தைக் கையில் எழுதிக் கொடுங்கள். எந்த நேரமும் பேசலாம்.

இனி, நிற்க மாட்டேன் என்று கிளம்புகிறவர்கள். வயது வந்தவர், நினைவோடு இருப்பவர் போகிறேன் என்றால் கட்டி வைக்க முடியாது. ஆனால் வைத்திய ஆலோசனையை மீறிப் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் லாமா படிவத்தில் கைநாட்டு வாங்கிவிட்டோம், இனி நமக்கென்ன என்று கை கழுவவும் முடியாது. டொக்டரைக் கூப்பிட்டு ஆபத்தை நோயாளியின் மொழியில் சொல்ல வைத்து, மருந்தைக் கொடுத்து, எதைக் கண்டால் உடனே திரும்ப வேண்டும் என்று சொல்லி, இவ்வளவையும் எழுத வேண்டும். ஏன் போகிறார் என்பதையும் எழுதுங்கள். சீனி வருத்தத்தில் கால் புண்ணோடு இருந்த ஓர் அம்மா, மூன்று நாள் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) போய்விட்டது, இன்னும் இருந்தால் மாதச் சம்பளத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று கிளம்பினார். நானும் டொக்டரும் அரை மணித்தியாலம் பேசிப் பார்த்தோம். கேட்கவில்லை. விரல் கறுத்தால், காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றாலும் வாங்க, யாரும் ஏச மாட்டோம் என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் மாலை மழையோடு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டி, "மூணு பேர் போட்டாச்சு மிஸ்ஸி, இப்ப பாருங்க" என்றார்.