பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வும்: யார் எழுத வேண்டும்?

ஆசிரியர் தகுதித் தேர்வு என்றால் புதிதாக வேலை தேடுவோருக்கானது என்றே தமிழ்நாட்டில் பலரும் எண்ணியிருந்தார்கள். அஞ்சுமன் இஷாத்-ஏ-தலீம் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கற்பிப்போரில், தீர்ப்பு நாளன்று ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். தவறினால் பணியை விட்டு விலகலாம், அல்லது கட்டாய ஓய்வு அளிக்கப்படலாம். உரிய பணிக்காலத்தை முடித்திருந்தால் ஓய்வுக்காலப் பலன்கள் கிடைக்கும். ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்வின்றியே ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கோர முடியாது.

இரண்டு இடைநிலை ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2030 ஜூனில் ஓய்வுபெறுகிறார். அவருக்குத் தேர்வு இல்லை. மற்றவர் அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வுபெறுகிறார். அவர் 2027 ஆகஸ்ட் இறுதிக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஒரே பள்ளியில் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்களாக இருந்தாலும், பிறந்த தேதியில் உள்ள நான்கு மாத வித்தியாசம் இருவரையும் பிரித்துவிடுகிறது.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது? கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதியை வகுக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு குறிக்கும் அமைப்புக்கு அளிக்கிறது. அவ்வாறு குறிக்கப்பட்ட தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், 2010 ஆகஸ்ட் 23 அறிவிக்கையில் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே 2001-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நியமனம் பெற்றவர்களுக்கு அதே அறிவிக்கை விலக்கும் அளித்தது. மூத்த ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தது இந்த விலக்கைத்தான். ஆனால் 2017-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 2015 மார்ச் 31 அன்று பணியில் இருந்தவர்களில் குறைந்தபட்சத் தகுதி இல்லாதவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் அதைப் பெற வேண்டும் என்று சேர்த்தது. அறிவிக்கையைவிடச் சட்டமே மேலானது என்பதால், பழைய விலக்கு நிற்கவில்லை. நியமனத்தின்போது கேட்கப்படாத தகுதியை இருபது ஆண்டுகள் கழித்துக் கேட்பது நியாயமா என்ற ஆசிரியர் சங்கங்களின் கேள்வியை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். ஆயினும் அதற்கு விடை சொல்ல வேண்டிய இடம் நாடாளுமன்றமே.

மாநில அரசால் இதில் செய்யக்கூடியது குறைவு. 1976-இல் 42-ஆம் அரசியல் சாசனத் திருத்தம் கல்வியை, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றிய பிறகு, ஒன்றியச் சட்டம் நிர்ணயித்த தகுதியை மாநிலம் தானாகத் தளர்த்த முடியாது. தேர்வை நடத்துவதும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தேர்ச்சி மதிப்பெண்ணில் சலுகை தருவதும் மட்டுமே அதன் கையில் உள்ளன. பொது அளவு 150-க்கு 90. தமிழ்நாடு 2014-இல் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதை 82 ஆகக் குறைத்தது. சலுகை அரசாணைக்கு அரசாணை மாறக்கூடியது என்பதால், விண்ணப்பிக்கும்போது அந்தந்த அறிவிக்கையையே பார்க்க வேண்டும்.

தேர்வு எளிதானதன்று. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். முதல் தாள் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கும், இரண்டாம் தாள் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கும் உரியவை. இரண்டாம் தாளில் தமிழாசிரியர் படும் பாடு தனி. குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம் என மூன்றுக்கும் தலா 30 வினாக்கள்; மீதி 60 வினாக்களுக்குக் கணிதம்-அறிவியலையோ சமூக அறிவியலையோ அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாழ்நாள் முழுவதும் இலக்கணம் நடத்தியவர், தம் பாடத்தில் 30-க்கும் தாம் நடத்தாத பாடத்தில் 60-க்கும் விடையளிக்கிறார்.

11, 12-ஆம் வகுப்புகளுக்கான முதுநிலை ஆசிரியர்களை இது கட்டுப்படுத்தாது. சிறுபான்மை நிறுவனங்களைக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுஆய்வு செய்யும் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளதால், அது தீரும் வரை அப்பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் இக்கட்டாயம் இல்லை. மற்றவர்கள் முதலில் பணிப்பதிவேட்டிலுள்ள பிறந்த தேதியைக் கொண்டு 2025 செப்டம்பர் 1 அன்று தமக்கு எஞ்சியிருந்த பணிக்காலத்தைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. கல்வியாண்டு முடியும் வரை தரப்படும் மறுநியமனத்தை அதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.