பாலில் இருந்து பட்டப் பசை

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் ஏறும் பெரிய பட்டங்களைப் பார்த்த பிள்ளைகள், வீட்டிலும் ஒன்று கட்ட ஆசைப்படுவார்கள். ஈர்க்குகளும் மெல்லிய தாளும் எங்கும் கிடைக்கும். பசையை மட்டும் கடையில் வாங்காமல் அவர்களே செய்யட்டும். கால் லீற்றர் பால், தேசிக்காய், அப்பச்சோடா இருந்தால் போதும்.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 வீதம் கேசின். அது கண்ணுக்குத் தெரியாத நுண் உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. அந்த உருண்டைகளின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. புளிப்பு கூடக் குறையும் அளவான பிஎச், பாலில் சுமார் 6.7. தேசிப்புளி விட்டு அதை 4.6 அளவுக்கு இறக்கினால் ஏற்றம் சமனாகி, தள்ளும் விசை இல்லாமற் போய், உருண்டைகள் கூடித் திரண்டுவிடும். பால் திரைவது இதனால்தான்.

கொழுப்புத்தான் பசையின் முதல் எதிரி. அது கேசினுக்கும் தாளுக்கும் இடையில் நின்று ஒட்டைக் கெடுக்கும், தாளில் எண்ணெய்ப் பொட்டுகளும் விழும். பசும்பால் என்றால் ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மேலே படியும் ஆடையை எடுத்துவிடலாம். கொழுப்புள்ள பால்மாவைக் கரைத்தால் ஆடை அப்படிப் பிரியாது, அதிலுள்ள கொழுப்புத் துளிகள் அவ்வளவு சிறிதாக உடைக்கப்பட்டவை. பால்மாதான் இருக்கிறதென்றால் கொழுப்பு நீக்கியதை வாங்குங்கள்.

250 மில்லிலீற்றர் பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்கு, 50 பாகை செல்சியஸ் வரை, சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்குங்கள். கொதிக்க விடவேண்டாம், திரளை இறப்பர் போலாகிப் பிறகு கரைய மறுக்கும். இரண்டு மேசைக்கரண்டி தேசிப்புளியைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். வினாகிரியும் சரிவரும். இளமஞ்சள் நீர் தெளிவாகப் பிரிந்தவுடன் நிறுத்துங்கள். மேலும் விட்டால் கேசின் மறுபடி கரையத் தொடங்கி நீர் கலங்கும்.

பழைய பருத்தித் துணியில் வடித்து, குளிர்ந்த நீரில் இரண்டு தரம் கழுவி, இறுக்கிப் பிழியுங்கள். புளி மிஞ்சினால் சோடா அதற்கே செலவாகிவிடும். திரளையைக் கரண்டியால் நன்றாக மசித்து, கால் தேக்கரண்டி அப்பச்சோடாவை ஒரு மேசைக்கரண்டி நீரில் கரைத்துத் துளித்துளியாகச் சேருங்கள். நுரைப்பது காபனீரொட்சைட்டு. புளி நீங்கியதும் கேசினுக்கு மறை ஏற்றம் திரும்பும். இம்முறை அது உருண்டையாக அல்ல, நீண்டு விரிந்த இழைகளாகக் கரைகிறது. அந்த இழைகள் தாளின் நார்களுக்குள் புகுந்து, நீர் உலர்ந்ததும் அங்கேயே இறுகிவிடும்.

கால் மணித்தியாலம் வைத்தும் மணிமணியாக இருந்தால் கிண்ணத்தை வெந்நீரில் இருத்திக் கிளறுங்கள். நீர்த்துப்போனால் பிழிந்தது போதவில்லை. நம் வெக்கையில் ஒரே நாளில் மணக்கத் தொடங்கும், குளிரில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

ஒட்டின் பலத்தை அளப்பது இந்தச் சோதனையின் சிறந்த பகுதி. ஐஸ்பழக் குச்சிகள் இரண்டை 1 சென்ரிமீற்றர் மேற்படிய ஒட்டி, ஒரு இரவு உலரவிட்டு, கீழ்க்குச்சியில் வெறும் போத்தலைத் தொங்கவிடுங்கள். அளந்து நீர் விட்டால் ஒவ்வொரு மில்லிலீற்றரும் ஒரு கிராம் பாரம். சோற்றுப் பசை, கோதுமைமாப் பசை, சோடா சேர்க்காத திரளை ஆகியவற்றோடு ஒப்பிடட்டும். தாள் துண்டுகளில் இதைச் செய்தால் ஒட்டு விடுவதற்கு முன் தாளே கிழியக்கூடும், அப்போது அளந்தது தாளின் பலத்தைத்தான்.

மார்கழி, தை மாத ஈரலிப்பில் சோடாப் பசை இளகும். இரண்டாம் உலகப்போர்க் கால மொஸ்கிற்றோ மர விமானங்களையும் தொடக்கத்தில் கேசின் பசையால்தான் ஒட்டினார்கள், பின்னர் ஈரத்தைத் தாங்கும் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். நமக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு உதவும். சோடாவுக்குப் பதில் அதில் கால் தேக்கரண்டி சேர்த்தால், கல்சியம் இழைகளைக் குறுக்கே பிணைத்து நீரில் கரையாமற் செய்யும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே அதைப் பெரியவர்களே கலக்கவேண்டும். இந்தப் பசை சில மணித்தியாலத்தில் கட்டியாகிவிடும். ஈர்க்குகளை முதலில் கட்டி, தாளையும் வெட்டி வைத்துவிட்டுப் பசையைக் கலவுங்கள்.